மைக் செட்டுக்காரன் காதில் ஒரு இசை விழா

மார்கழி முடிந்து தை பிறக்கிற சமயத்தில் மதுரையில் ஒரு சபா நடத்துகிற கர்நாடக இசை விழாவுக்கு இந்த வருஷம்தான் முதன்முதலாகப் போனேன். ராகம் தெரியாது, தெலுங்கு தெரியாது, போனால் பொழுது போகுமா என்று தயங்குகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தாராளமாகப் போகலாம். ஆனால் ஐந்து மணிக்கு முன்னாலேயே போய்விடுங்கள், முன்பக்கம் இடதுபுறமாக உட்காருங்கள், தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சபாவின் பெயரைப் போடவில்லை. ஒலி அமைப்பில் எனக்குக் குறை உண்டு, அதை அவர்கள் செயலாளரிடம் நேரிலேயே சொல்லியாயிற்று. கைக்காசைப் போட்டு நடத்துகிற பெரியவர்களை ஊரறிய இழுக்க எனக்கு மனசில்லை.

நான் வாடிப்பட்டிப் பக்கத்து ஆள். ரேடியோ செட் தொழில், அப்பா காலத்திலிருந்து. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், சாமி கும்பிடு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் வயர் இழுத்துக் கட்டுவோம். அப்பா காலத்தில் குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் ஏற்றிக் கட்டினால் பக்கத்து ஊருக்கும் கேட்கும். இப்போது பாக்ஸ், மிக்ஸர், லேப்டாப். இரவு பத்து மணிக்கு நிறுத்தியாக வேண்டும். 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. வாடிப்பட்டி மேளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்கே தெரியும். சின்ன வயதிலிருந்து அந்த அடி என் காதில் இருக்கிறது. கச்சேரி மட்டும் கேட்டதில்லை. என்னைக் கூட்டிப்போனது என் மச்சினன். கோயில்களில் தவில் வாசிக்கிறவர்.

"மச்சான், வருஷம் பூரா அடுத்தவங்க விசேஷத்துக்கு வயர் இழுக்கிறீங்க. ஒரு நாளாவது சும்மா உட்கார்ந்து கேளுங்க."

"எனக்கு என்ன மாப்ள தெரியும் இதுல?"

"தெரிய வேண்டாம். காது இருக்குல்ல, வாங்க."

போன முதல் நாளே எனக்குப் பெரிசாகத் தெரிந்தது மங்கல இசைதான். பாட்டுக் கச்சேரி ஆறு மணிக்கு மேல்தான். அதற்கு முன்னால் நாயனம் என்கிற நாதஸ்வரமும் தவிலும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் ஏழெட்டு வரிசைக்கு ஆளே இல்லை. நோட்டீஸில் நாயனக்காரர் பெயர் சின்ன எழுத்தில் கீழே இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. மதுரை எப்படிப்பட்ட நாயன ஊர்! 1968இல் வந்த தில்லானா மோகனாம்பாள் படத்தில் சிவாஜி கையில் பார்த்த நாயனத்தின் ஓசை மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. அந்த ஊரில் நாயனம் வாசிக்கும்போது நாற்காலி காலியாகக் கிடக்கலாமா?

நாங்கள் முதல் வரிசையிலேயே போய் உட்கார்ந்தோம். தவில்காரர் விரலுக்குக் கூடு மாட்டிக்கொண்டிருந்தார். வலது கையில் ஒவ்வொரு விரலாக, உள்ளே தள்ளி, பல்லால் ஒரு கடி கடித்து இறுக்கி, கட்டைவிரல் நகத்தால் தட்டிப் பார்க்கிறார். டிக் டிக் என்று கெட்டியான சத்தம். துணியில் பசை தடவிச் சுற்றிக் காயவைத்துச் செய்வது அது, காய்ந்தால் எலும்பு மாதிரி ஆகிவிடும் என்று மச்சினன் சொன்னார். இடது கையில் பூவரசங் குச்சி. பலா மரத்தைக் குடைந்த உடம்பு, இரண்டு பக்கமும் தோல், நடுவில் வாரை இழுத்து இறுக்குகிற இறுக்கில் தோளில் நரம்பு புடைக்கிறது. வாசிப்பைத் தொடங்கும் முன்பே அவருக்கு வேர்த்துவிட்டது.

நாயனக்காரர் சீவாளியை வாயில் வைத்து நனைத்து, எடுத்துப் பார்த்து, வேறொன்றை மாட்டினார். நாணலில் செய்கிற சின்ன துண்டுதான் சீவாளி. அது சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய வித்துவானுக்கும் அன்றைக்குக் கச்சேரி போச்சு. நாயனம் செய்வது ஆச்சா மரத்தில். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் செய்கிறார்கள், அந்த ஊர் நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

சவுண்ட் போடுகிற தம்பி இன்னும் மிக்ஸருக்கு வரவில்லை. மைக் எதுவும் திறக்கவில்லை. அப்படியே தொடங்கிவிட்டார்கள். நான் தொழில் பழக்கத்தில் எழுந்து நடந்தேன். எந்த மண்டபத்திலும் வேலை தொடங்கும் முன் கடைசி வரிசை வரை நடந்து கேட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால், வாசல்படி, எல்லா இடத்திலும் நின்று பார்த்தேன். எல்லா இடத்திலும் தெளிவாகக் கேட்டது. தவிலின் வலது பக்கத் தோலான வலந்தலையில் விழுகிற விரலும் இடது குச்சியும் தனித்தனியாகக் கேட்டன. நாயனத்தில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நடுவில் வருகிற வளைவுகூடக் காதில் விழுந்தது. பிறகு தம்பி வந்து நாயனத்துக்கு ஒன்று, தவிலுக்கு இரண்டு என்று மைக்கைத் திறந்தார். அவ்வளவுதான், கூடம் முழுக்க ஒரே இரைச்சல். குச்சி அடி மட்டும் நெஞ்சில் இடித்தது, விரல் எங்கே போனது என்று தெரியவில்லை.

நாயனத்துக்கும் தவிலுக்கும் மூடிய அரங்கில் மைக் வேண்டாம். இதை மைக் வாடகைக்கு விடுகிறவன் சொல்கிறேன். தேர் வீதியிலும் ஊர்வலத்திலும் கேட்பதற்காகவே அமைந்த வாத்தியங்கள் அவை. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஆறு டெசிபல் இறங்கிவிடும். அரங்குக்குள் சுவரும் கூரையும் திருப்பி அனுப்புவதால் அந்த அளவுக்கு இறங்காது. வெளியில் வைக்கிற அளவை உள்ளே வைத்தால் காது வலிக்குமே தவிர இசை கேட்காது.

பாட்டுக் கச்சேரி தொடங்குவதற்குள் கூடம் நிறைந்துவிட்டது. எனக்குப் பக்கத்தில் வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். கையில் துண்டுச் சீட்டும் பேனாவும். நான் புது ஆள் என்று பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"வாடிப்பட்டிங்க ஐயா. முதல் தடவை வர்றேன்."

"நல்லது. ராகம் கீகம்னு மண்டையப் போட்டு உடைக்காதீங்க. தாளம் மட்டும் பிடிச்சுக்கங்க, மத்தது தானா வரும்."

அவர்தான் ஆதி தாளத்தைக் கையில் போட்டுக் காட்டினார். தொடையில் ஒரு தட்டு, அப்புறம் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அடுத்து தட்டி ஒரு வீச்சு, மறுபடியும் தட்டி ஒரு வீச்சு. மொத்தம் எட்டு. பாதிப் பாட்டு இந்தத் தாளத்தில்தான் வரும், இதைப் போடத் தெரிந்தால் போதும் என்றார். முதலில் பாடிய வர்ணத்திலேயே என் கை பழகிவிட்டது. முதல் தடவை போகிறவர்களுக்கு என்னுடைய யோசனையும் அதுதான். வீட்டிலேயே பழகிக்கொண்டு போங்கள். கை தாளத்தில் இருந்தால் மனசு அலைவதில்லை.

பாடியது ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். பெரியவர் சொன்ன ஒழுங்கில்தான் கச்சேரி போனது. முதலில் வர்ணம், அப்புறம் சின்னதாக இரண்டு மூன்று கீர்த்தனை, நடுவில் பெரிய உருப்படி, அதற்குள் தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடா என்கிற சின்னப் பாட்டுகள், முடிவுப் பாட்டாக மங்களம். இந்த ஒழுங்கை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்றார். அரியக்குடி காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். அந்தப் பக்கம் நான் கல்யாணத்துக்கு செட் கட்டியிருக்கிறேன், இது தெரியாது.

பெரிய உருப்படி முத்துசாமி தீட்சிதர் நம்ம மீனாட்சியம்மன் மேல் பாடியது. வார்த்தை சம்ஸ்கிருதம், எனக்குப் புரியவில்லை. அதற்கு முன்னால் ஆலாபனை என்று வெகுநேரம் வார்த்தையே இல்லாமல் பாடினார். அங்கேதான் நான் விழுந்தேன். சொல் இல்லாததால் குரல் மட்டும்தான் இருந்தது. எங்கே மூச்சு எடுக்கிறார் என்பது எனக்குத் தெரியும், மைக் முன்னால் பேசுகிறவர்களைக் கேட்டுக் கேட்டு அந்தப் பழக்கம் உண்டு. இவர் மூச்சு எடுத்தது ஒரு இடத்திலும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தி, அதைச் சுற்றிச் சுற்றி வந்து, இப்போது மேலே போவார் என்று நாம் எதிர்பார்க்கும்போது கீழே இறங்கி, நாம் விட்டுவிட்ட நேரத்தில் மேலே போய் உட்கார்ந்தார். வயலின்காரர் ஒரு நூல் பின்னால் அதே பாதையில் வந்தார். அவர் முன்கூட்டித் தெரிந்து வாசிப்பதில்லை, கேட்டுக் கேட்டு அப்போதே வாசிப்பது என்று தெரிந்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

தீட்சிதர் எட்டயபுரத்தில் 1835 தீபாவளியன்று காலமானபோது சீடர்கள் பாடிக்கொண்டிருந்தது இந்தக் கீர்த்தனைதான் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். பெரியவர் இதைக் காதோரம் சொன்னபோது அவர் குரல் கம்மியது. எட்டயபுரத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அங்கே அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, உள்ளே போய்ப் பார்த்ததில்லை. இனி போவேன்.

இப்போது சவுண்டுக்கு வருகிறேன். பாடகிக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு, கடத்துக்கு ஒன்று, சுருதிப் பெட்டிக்குத் தனியாக ஒன்று என மேடையில் ஆறு மைக். மேடையில் இருப்பவர்கள் கேட்டுக்கொள்ள ஆளுக்கொரு மானிட்டர் ஸ்பீக்கர். மானிட்டரில் வருகிற சத்தம் திரும்ப மைக்குக்குள் போய்ப் பெருகி வருவதுதான் ஊளை. திறந்திருக்கிற மைக் இரண்டு மடங்கானால், ஊளை வராமல் வைக்கக்கூடிய அளவில் மூன்று டெசிபல் போய்விடும். அதைச் சமாளிக்க ட்ரெபிளைக் குறைப்பார்கள், குறைத்தால் வயலின் செத்துவிடும். வயலின்காரர் தன் ஓசை தனக்கே கேட்காமல் "மானிட்டர்ல கொஞ்சம் கூட்டுங்க" என்பார். கூட்டினால் மறுபடி ஊளை. அன்றைக்கு இதுதான் நடந்தது. வயலின்காரர் பாதிக் கச்சேரி வரை கையைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்தார். மிருதங்கத்தில் தொப்பி என்கிற இடது பக்கம், கனத்த ஓசைக்கான சப்வூபரில் போய்க் கொட்டு அடித்த மாதிரி விழுந்தது.

இடைவேளை கிடையாது, ஆனாலும் ஒரு பாட்டு முடிந்து கைதட்டுகிற நேரத்தில் எழுந்து மிக்ஸர் பக்கம் போனேன். சின்னப் பையன், இருபது வயதிருக்கும். சினிமாப் பாட்டு ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் போடுகிற கை.

"தம்பி, நானும் இந்தத் தொழில்தான். சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. சப்வூபரை ஆஃப் பண்ணிருங்க. தொப்பி மைக்கை மூடுங்க, வலந்தலையில இருக்கிற ஒண்ணு போதும்."

"அண்ணே, குறைச்சா கமிட்டில சத்தம் போடுவாங்கண்ணே."

"போட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

குறைத்தார். தங்கமான பையன். ஐந்து நிமிஷத்தில் வயலின்காரர் கையைத் தூக்குவதை நிறுத்திவிட்டார். பாடகியின் குரலில் இருந்த கரகரப்பு, மூச்சின் சூடு எல்லாம் அதற்கப்புறம்தான் எனக்குக் கேட்டது. சத்தம் குறைந்தது என்று கூடத்தில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தச் சின்ன மாற்றத்துக்கு அந்தச் சங்கீதம் எவ்வளவு திருப்பிக் கொடுத்தது என்று நினைத்தால் இப்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இவ்வளவு படித்த ரசிகர்கள், இவ்வளவு உழைத்த கலைஞர்கள், நடுவில் மிக்ஸர் மட்டும் யாரும் கவனிக்காத பொருளாக இருக்கிறது.

மைக் வருவதற்கு முன்னால் எப்படிப் பாடினார்கள் என்று அப்பா சொல்வார். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா நாடகக் கொட்டகையில் மைக் இல்லாமல் கடைசி ஆளுக்குக் கேட்கப் பாடியவர். 1933இல் இளம் வயதிலேயே போய்விட்டார். அந்தக் காலத்தில் சுருதியே உச்சத்தில் இருக்கும். மைக் வந்தபிறகு சுருதி இறங்கியது, மெல்லப் பாடினாலும் போதும் என்று ஆனது. அது நல்லதுதான். மென்மையான குரல்களுக்கு மைக் வாழ்வு கொடுத்தது. ஆனால் மெல்லப் பாடுவதை மெல்லக் கேட்கவைப்பதற்குத்தான் மைக். கத்த வைப்பதற்கு இல்லை.

தனி ஆவர்த்தனம் வந்ததும் பாதிக் கூடம் எழுந்து காபிக்குப் போனது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பாடகி நிறுத்திவிட்டு மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் வழிவிடுகிற நேரம் அது. அந்த இரண்டு பேருக்கும் அன்று முழுக்க அவர்களுக்கென்று கிடைக்கிற நேரம் அது ஒன்றுதான். நாங்கள் இடதுபுறம் உட்கார்ந்திருந்ததால் மிருதங்கக்காரர் நேர் எதிரே தெரிந்தார். மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால் அவர் பாடகரின் வலப்பக்கம் உட்காருவார், அதாவது நமக்கு இடது. இடதுகைப் பழக்கம் உள்ளவர் என்றால் பக்கம் மாறும். கச்சேரிக்கு முன்னால் அவர் ரவையைத் தண்ணீரில் பிசைந்து தொப்பியின் நடுவில் வட்டமாக அப்பியதைப் பார்த்திருந்தேன். கொஞ்சம் அப்புவார், உள்ளங்கையால் தட்டிக் கேட்பார், இன்னும் ஒரு துளி. அப்புறம் சின்னக் கல்லால் வலந்தலை விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டிச் சுருதி சேர்த்தார். ஒரு தட்டு கூடினால் மறுபக்கம் ஒரு தட்டு. எங்கள் பக்கம் தப்பு மேளத்தைத் தீயில் காய்ச்சிச் சூடேற்றுகிறவர்களின் முகத்திலும் இதே கவனத்தைப் பார்த்திருக்கிறேன்.

தனியில் அவர் ஒன்று வாசிக்க, கடக்காரர் அதையே திருப்பி வாசிக்க, போகப் போக அளவு பாதியாகி, அதில் பாதியாகி, கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். முடிப்பை மூன்று தடவை வாசித்து இறக்குவார்கள் என்று மச்சினன் சொல்லியிருந்தார். மூன்றாவது இறக்கம் சரியாக என் கைத் தட்டில் வந்து விழுந்தபோது நான் என்னை அறியாமல் "ஆஹா" என்றுவிட்டேன். பெரியவர் தோளைத் தட்டிச் சிரித்தார்.

கடம் மானாமதுரைக் கடம். மதுரையிலிருந்து ராமநாதபுரம் போகிற வழியில் இருக்கிற ஊர். மண்பாண்டத்துக்குப் பேர்போனது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சுவர் தடிமனாக, கனமாக இருக்கும். தட்டினால் உலோகத்தில் தட்டியது போன்ற கணீர் ஓசை. நாடு முழுக்கக் கடக்காரர்கள் தேடி வருவது இந்த ஊர்ப் பானையைத்தான். நாம் அந்த வழியில் பஸ்ஸில் போகும்போது ஜன்னலில் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம்.

கடைசியில் பெரியவர் சீட்டெழுதி மேடைக்குக் கொடுத்து அனுப்பினார். முருகன் மேல் ஒரு தமிழ்ப் பாட்டு. தமிழில் பாடியதும் கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்கும்தான். மதுரை சோமு பாணி என்றார் பெரியவர். சோமுவை எனக்கு 1972இல் ஒரு படத்தில் மருதமலை முருகன் மேல் அவர் பாடிய பாட்டால்தான் தெரியும். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்காக நாங்கள் அதைப் போடாத வருஷம் இல்லை. அவர் பெரிய கச்சேரி வித்துவான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தமிழ்ப் பாட்டைத் துக்கடாவுக்கு என்று தள்ளிவைக்காமல் நடுவிலேயே வைக்கலாம் என்பது என் எண்ணம். என்னைப் போல வருகிறவர்களுக்கு அது கைப்பிடி.

வேறொரு நாள் வீணைக் கச்சேரிக்கு வீட்டம்மாவையும் கூட்டிப் போனேன். போகும் வழியில் மேலமாசி வீதிப் பக்கம் அனுமந்தராயன் கோயில் தெருவில் எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்த வீட்டைப் பார்த்தோம். வீட்டு முகப்பில் வீணை இருக்கிறது. அவருடைய அம்மா சண்முகவடிவு வீணை வித்துவாம்சினி, பாட்டி அக்கம்மாள் வயலின். எம்.எஸ். பிறந்தது 1916 செப்டம்பர் 16. பத்து வயதிலேயே இசைத்தட்டுக்குப் பாடியவர். தெரு சின்னது, வண்டிகள் இடிக்கிற தெரு, நின்று பார்க்கவே இடம் இல்லை. ஆனால் கச்சேரிக்குப் போகிறவர்கள் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டுப் போங்கள்.

வீணையில் காண்டாக்ட் மைக் ஒட்டியிருந்தார்கள். இது எனக்கு வருத்தம். வீணைக்குள் இருக்கிற பலா மரத்தின் ஓசை அதில் வராது, கம்பியின் ஓசைதான் வரும். வைணிகர் கம்பியை ஓரமாக இழுத்து, தண்டில் பதித்த ஒரு மெட்டிலேயே மூன்று நான்கு சுரம் காட்டுகிறார். இழுக்க இழுக்க ஓசை தேய்ந்து போகும், அந்தத் தேய்விலும் சுரம் இருக்கிறது. அதைப் பிடிக்க முன்னால் ஒரு நல்ல கண்டென்ஸர் மைக் வைத்து, மற்ற எல்லாவற்றையும் இறக்கினால் போதும். வீட்டம்மாவுக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை. "எவ்வளவு நேரம் கேட்டாலும் தலைவலிக்கலைங்க" என்றாள். எங்கள் வீட்டில் ஒலியைப் பற்றி இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

மற்ற விஷயங்கள். டிக்கெட் நூறு ரூபாய், சீசன் டிக்கெட்டும் உண்டு, மங்கல இசைக்கு டிக்கெட் கிடையாது. வண்டி நிறுத்த வாசலில் இடம் கம்மி, டூவீலரில் போவது நல்லது. கேன்டீனில் மிளகு வடையும் காபியும் பிரமாதம், கேசரி சுமார். பெண்கள் தனியாக வந்துபோவதற்குச் சங்கடமில்லாத இடம், கழிப்பறை சுத்தமாக இருந்தது. போனில் படம் பிடிக்கிறவர்கள் தொல்லை உண்டு, முன்வரிசையில் உட்கார்ந்தால் அதுவும் தெரியாது. திண்டுக்கல் ரோட்டில் ஊர் திரும்ப வேண்டியவர்கள் ஆரப்பாளையத்தில் பஸ் பிடிக்கலாம், மங்களம் வரை இருந்துவிட்டே போகலாம். மங்களத்துக்கு முன்னால் எழுந்து போவது அழகில்லை என்று பெரியவர் சொன்னார், நானும் அப்படியே நினைக்கிறேன்.

விழா முடிந்த அன்று செயலாளரைப் பார்த்தேன். நாயனத்துக்கு அடுத்த வருஷம் மைக் வேண்டாம், நோட்டீஸில் அவர்கள் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள், ஒரே ஒரு நாளாவது பாட்டுக் கச்சேரியைக் குறைந்த மைக்கில் வைத்துப் பாருங்கள் என்று கேட்டேன். அந்த ஒரு நாளைக்கு என்னுடைய மிக்ஸரையும் இரண்டு பாக்ஸையும் வாடகை இல்லாமல் கொண்டுவந்து நானே உட்காருகிறேன் என்றும் சொன்னேன். "கமிட்டில வைக்கிறேன் தம்பி" என்று நம்பர் வாங்கிக்கொண்டார். கார்த்திகையில் நோட்டீஸ் அடிக்கும்போது நானே ஒரு தடவை போன் போட்டு ஞாபகப்படுத்துவேன். நீங்களும் போனால், மங்கல இசைக்கு முன்வரிசையில் வந்து உட்காருங்கள். ஆள் இருந்தால்தான் கமிட்டிக்காரர்களும் கேட்பார்கள்.